கீரைக்காரம்மா எப்போது வெண்டர் ஆனார்?

சென்னைக்குத் தெற்கே, ஏரியைத் தூர்த்து எழும்பிய புறநகர்களில் ஒன்று. அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசல் கேட்டில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். மேலே ஆங்கிலம். கீழே தமிழ் எழுத்து (தமிழ் என்று சொல்ல முடியாது, எழுத்து மட்டும்தான் தமிழ்): "வெண்டர்ஸ் உள்ளே வர அனுமதி இல்லை."

காலை ஏழு மணி. வழக்கம்போலக் கூடையோடு வந்த கீரைக்காரம்மாவை வாட்ச்மேன் கை காட்டி நிறுத்தினார்.

"அக்கா, இனிமே உள்ள விடக் கூடாதாம். போர்டு வெச்சிட்டாங்க."

"என்னன்னு வெச்சிருக்காங்க?"

"வெண்டர் வரக் கூடாதுன்னு."

"வெண்டரா? அது யாருப்பா?"

"நீங்கதான்க்கா."

"நானா? நான் கீரைக்காரிப்பா!"

வாட்ச்மேனுக்கும் குழப்பம்தான். அவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். அவருக்குத் தெரிந்த வெண்டர் வேறு ஆள். பத்திர ஆபீஸ் வாசலில் மேசை போட்டு முத்திரைத்தாள் விற்பவர், வெள்ளைச் சட்டைக்காரர். நிலம் வாங்க வந்தவர்களெல்லாம் "வெண்டர் சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட வெண்டரை உள்ளே விடாதே என்று எதற்குப் பலகை வைக்கிறார்கள்?

(பால் பாக்கெட்டோடு பக்கத்தில் நின்று இதை வேடிக்கை பார்த்த ஆள்தான் இந்தப் பதிவை எழுதுகிறார். அன்று பிடித்தது இந்தச் சொல் பைத்தியம். இன்னும் விடவில்லை.)

முதல் வேலையாக அவர் ஒரு தாளை எடுத்து, இந்த மாதிரி விற்பவர்களுக்குப் பத்திரிகையிலும் அரசாங்கத் தாள்களிலும் வருகிற பெயர்களை எழுதிப் பார்த்தார். தெருவோர வியாபாரி. சாலையோர வியாபாரி. நடைபாதை வியாபாரி. பிளாட்பாரக் கடைக்காரர். தரைக்கடை வியாபாரி.

அதே தாளின் பின்பக்கம், வீட்டில் சொல்கிற பெயர்கள். கீரைக்காரம்மா, பூக்காரம்மா, மீன்காரம்மா, பால்காரர், கோலமாவுக்காரர், உப்புக்காரர், ஐஸ்காரர், பஞ்சுமிட்டாய்க்காரர்.

வித்தியாசம் சட்டென்று தெரிந்துவிடும். பின்பக்கப் பெயரில் அவர் என்ன விற்கிறார் என்பது இருக்கிறது. முன்பக்கப் பெயரில் எங்கே நிற்கிறார் என்பது மட்டும்தான் இருக்கிறது. தெருவில் நிற்கிறார், சாலையின் ஓரத்தில் நிற்கிறார், நடக்கிற பாதையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லும்போதே "அங்கே உனக்கு என்ன வேலை?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறதா இல்லையா? கூடையில் இருப்பது அரைக்கீரையா ஆப்பிளா என்ற கவலையே அந்தப் பெயருக்குக் கிடையாது.

ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று ஒன்று உண்டு. பவளம் விற்றவர்களால் வந்த பெயர். மதுரையில் வளையல்காரத் தெரு இருக்கிறது, வெண்கலக் கடைத் தெரு இருக்கிறது. அந்தக் காலத்தில் தெரு தன் பெயரை விற்பவரிடமிருந்து வாங்கிக்கொண்டது. இப்போது விற்பவர் தெருவிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2014-இல் தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புக்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நல்ல சட்டம். ஐந்தாண்டுக்கு ஒரு தடவை கணக்கெடுக்க வேண்டும், கணக்கில் வந்தவர்களுக்குச் சான்றிதழ் தர வேண்டும், ஊருக்கு ஊர் விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே உட்கார வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. தெருவில் விற்பதும் தொழில் உரிமைதான், ஒழுங்குபடுத்தலாமே தவிர ஒரேயடியாகத் துரத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு கழித்து வந்தது இந்தச் சட்டம்.

அதில் 'தெருவோர வியாபாரி' என்றால் யார் என்று விளக்கும் இடம்தான் நம் ஆளுக்கு வெல்லம். ஹாக்கர், பெட்லர், ஸ்க்வாட்டர் என்று மூன்று ஆங்கிலச் சொற்களை வரிசையாக அடுக்குகிறார்கள். கூவி விற்பவர், சுமந்து திரிபவர், ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டவர். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இதே பொருளில் அந்தந்த வட்டாரத்தில் வழங்கும் மற்ற சொற்களும் இதில் அடங்கும் என்று ஒரு வாலைச் சேர்த்திருக்கிறார்கள்.

அதாவது தில்லியில் உட்கார்ந்து எழுதியவர் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். உங்க ஊர்ப் பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று. எழுதலாம்தான். எத்தனை பக்கம் தருவார்கள்?

முதலில் அந்த 'காரர்'. சின்ன விகுதி, ஆனால் படு கில்லாடி. பூக்காரர் பூவை விற்பார். கடைக்காரர் கடையை விற்க மாட்டார், வைத்திருப்பார். வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்தால் ஓர் ஆள், சாப்பாடு கேட்டு வந்தால் வேறு ஆள். உச்சம் கடன்காரன்தான்: கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். வாசலில் சத்தம் போடுபவன் எந்தக் கடன்காரன் என்பதை, யார் குரல் தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பேப்பர்காரர் இன்னொரு சிக்கல். காலையில் பேப்பர் போடுகிறவரும் பேப்பர்காரர், மாதம் ஒரு தடவை தராசோடு வந்து அதை எடுத்துப்போகிறவரும் பேப்பர்காரர். பிரித்துச் சொல்ல ஒரு 'பழைய' சேர்த்துக்கொள்கிறோம். "பழைய பேப்பர்காரர் வந்திருக்கார்." இலக்கணப்படி பார்த்தால் பழையது பேப்பரா, காரரா? யாரும் கவலைப்பட்டதில்லை. தண்ணிக்காரர் என்றால் கேன் போடுகிறவர் என்று வெளியூர் விருந்தாளிக்கு ஒருமுறை விளக்க வேண்டியிருக்கும். அயர்ன்காரர் எதையுமே விற்பதில்லை, சுருக்கத்தை எடுத்துப்போகிறார்.

மரியாதை தனிக்கதை. 'காரன்', 'காரி', 'காரர்', 'காரம்மா' என்று நாலு படி. கீரைக்காரம்மா தன்னைக் "கீரைக்காரி" என்று சொல்லிக்கொள்ளலாம், அவர் வாயில் அது நிமிர்வு. மூன்றாவது மாடியில் இருந்து ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் "ஏய் கீரைக்காரி" என்று கூப்பிட்டால் அது வேறு. நம் பதிவர் நடுவில் ஒரு வாரம் நல்ல தமிழில் பேசிப் பார்ப்போமே என்று பூக்காரம்மாவைப் "பூ விற்பனையாளர்" என்றார். அந்தம்மா திரும்பி, பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். அத்தோடு அந்த முயற்சி முடிந்தது.

விற்பவர்கள் நம்மைக் கூப்பிடுகிற அழகுக்கு முன்னால் நம்முடைய சொற்கள் ஒன்றுமே இல்லை. வா கண்ணு. என்னா ராசா. வாங்க சாமி. தாயி, ஒரு மொழம் வாங்கிக்க. முன்பின் தெரியாத ஆளைப் பார்த்த நொடியில் பேரனாக்கிவிடுகிற சாமர்த்தியம். 'கஸ்டமர்' என்ற சொல்லை எந்தப் பூக்காரம்மா வாயிலும் கேட்டதாக நினைவில்லை.

பொருளை வைத்து ஆளுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் நேற்று வந்ததும் இல்லை. மதுரைக்கு வடக்கே அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வயது ஏறக்குறைய 2,000 ஆண்டு. சமணத் துறவிகளின் இருப்பிடத்துக்குக் கொடை கொடுத்தவர்கள் பெயரை வெட்டியிருக்கிறார்கள். அதில் ஓர் உப்பு வணிகர் வருகிறார். பணித வணிகர் ஒருவர் வருகிறார் (பணிதம் என்றால் வெல்லப்பாகு). கொழு வணிகர் ஒருவரும் உண்டு. கலப்பையில் மாட்டுகிற அந்த இரும்புக் கொழுவை விற்றவர்! கரூர் பக்கம் புகலூர் மலையில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவரின் பெயர். பொன் விற்றவருக்கும் உப்பு விற்றவருக்கும் கல்லில் ஒரே மாதிரி எழுத்துதான். உப்புக்காரரைப் 'பாறையோர வணிகன்' என்று எவரும் வெட்டி வைக்கவில்லை.

சங்கப் புலவர்களிலும் இப்படித்தான். மணிமேகலை எழுதியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலம் என்றால் தானியம். இன்றைய கணக்கில் நெல்மண்டிக்காரர் ஒருவர் காப்பியம் எழுதியிருக்கிறார். முல்லைப்பாட்டுப் பாடிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகர் ஒருவரின் மகன். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவர் உண்டு. அறுவை என்றால் துணி. நெய்ததைத் தறியிலிருந்து அறுத்து எடுப்பதால் அறுவை. இன்றைக்கு ஒருவரைப் பார்த்து "அறுவை வியாபாரி" என்று சொன்னால் என்ன நினைத்துக்கொள்வார்? அலுவலகத்துக்கு ஒருவராவது அப்படி இருக்கிறார், மொத்த விற்பனை!

சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்து வியாபாரிகள் பட்டியலை வாசிக்கும்போது மூச்சு முட்டும். கூவியர் அப்பம் சுட்டு விற்றவர்கள். வாசவர் வாசனைப் பண்டம் விற்றவர்கள். ஓசுநர் எண்ணெய் விற்றவர்கள். கள் நொடையாட்டியர் கள் விற்ற பெண்கள் (நொடை என்றால் விற்பனை. நல்ல சொல், எப்படியோ தொலைத்துவிட்டோம்). மீன் விற்றவர் வேறு, வெள்ளுப்பு விற்றவர் வேறு. கூவியர் என்றதும், ஆகா, கூவிக் கூவி விற்றதால் வந்த பெயர் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வது நல்லது. ஓசை ஒத்துப்போனதற்காகக் கட்டிய சொல்வரலாறுகள் தமிழில் ஏற்கெனவே ஏராளம்.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு மோர்க்காரம்மா வருகிறார். பானையைச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு ஊருக்குள் போய் மோரைக் கொடுத்துத் தானியம் வாங்கி வீட்டார் சாப்பாட்டை முடிக்கிறார். நெய் விஷயத்தில் ஆள் கறார். நெய்க்கு விலையாகப் பொன்னை நீட்டினாலும் வாங்க மாட்டார். எருமையாக, பசுவாகத்தான் வாங்குவார். பொன் கன்று போடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உப்பு விற்ற உமணர்கள் வண்டி வண்டியாகப் போனவர்கள். அந்தக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். கடற்கரை உப்பை ஏற்றி, மேடு பள்ளம் தாண்டி உள்நாட்டு ஊர்களுக்குப் போவார்கள். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது? வண்டிக்குக் கீழே இன்னோர் அச்சைக் கட்டி வைத்திருப்பார்கள். அதன் பெயர் சேம அச்சு, ஒளவையார் புறநானூற்றில் சொல்கிறார். ஸ்டெப்னிக்குத் தமிழ் தேடி மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க.

எல்லாப் பெயரும் பொருளில் இருந்தே வந்துவிடவில்லை. போகிற திசையிலிருந்தும் வந்தது. சோழர் காலத்து வணிகக் குழுவுக்குத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று பெயர். சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற ஊர்ப் பக்கம் அவர்களுடைய தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, ஆண்டு 1088. உள்ளூர் வணிகர் சுதேசி, வெளிநாட்டு வணிகர் பரதேசி, பல நாடும் சுற்றுகிறவர் நானாதேசி.

பரதேசி! எப்பேர்ப்பட்ட சொல், என்ன பாடுபட்டுவிட்டது. கடல் தாண்டிச் சரக்கோடு வந்த பெரிய மனிதருக்கு உரியது, இன்றைக்கு ஒரு கெட்டவார்த்தைக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர் கோயிலுக்கு இன்றும் பரதேசி சினகாக் என்றுதான் பெயர். அங்கே அதற்கு வெளிநாட்டார் என்று மட்டுமே பொருள். அந்தச் சுவருக்குள் மட்டும் சொல்லின் மானம் பிழைத்திருக்கிறது.

செட்டியும் சேட்டும் இதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் வேர் ஒன்றே: வடமொழியில் சிரேஷ்டி. தலைசிறந்தவர், வணிகர் தலைவர். தெற்கே வந்து செட்டியாரானார், வடக்கே சேட்டானார். பல நூற்றாண்டு கழித்துச் சௌகார்பேட்டையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்தபோது, தாங்கள் பங்காளிகள் என்று அவர்களுக்கே தெரியாது. சென்னைப் பேச்சில் சேட்டு என்றால் அடகுக்கடை. மோதிரம் எங்கே என்று கேட்டால் "சேட்டு கடைல தூங்குது".

இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பிடித்தது உறவுமுறை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அண்ணாச்சி என்றால் அண்ணன். அங்கிருந்து வந்தவர்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு மளிகைக்கடை போட, அண்ணாச்சி என்றாலே மளிகைக்கடைக்காரர் என்று ஆனது. அவர் ஊரில் அந்தக் கடையை மளிகை என்றே சொல்ல மாட்டார்கள், பலசரக்குக் கடை என்பார்கள். பேருந்தில் ஊருக்குத் திரும்பும்போது கோவில்பட்டி தாண்டியதும் கண்டக்டரும் அண்ணாச்சி, பக்கத்து சீட்டும் அண்ணாச்சி. ஒருவரிடமும் துவரம்பருப்பு கேட்க முடியாது.

பாய் இன்னும் வேடிக்கை. இந்துஸ்தானியில் அண்ணன் தம்பி என்று பொருள். நம் ஊரில் பாய் கடை என்றால் பிரியாணியோ கறியோ பழைய இரும்போ. டெலிவரி பாய் என்றால் பையன், ஐம்பது வயதானாலும் பையன்தான். கோரைப்பாய் என்றால் படுக்கிறது. ஆக, பத்தமடைப் பாயைப் பாய் கடையில் வாங்கி டெலிவரி பாய் கையில் கொடுத்துவிட்டால், தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றே. இதில் கடைசிப் பாய் மட்டும் உறுத்துகிறது. கூடைக்காரிக்குக் கூட ஓர் 'அம்மா' சேர்ந்தது. செயலி வழியாக வருகிறவருக்கு ஒரு 'அண்ணே' இன்னும் பெயரோடு ஒட்டவில்லை.

சில கடைக்காரர்கள் பெயரைத் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள். பழைய இரும்புக் கடை 'ஸ்கிராப் மர்ச்சன்ட்' ஆகிவிட்டது. வீட்டு புரோக்கர் விசிட்டிங் கார்டில் 'கன்சல்டன்ட்'. மளிகைக்கடை இரண்டு டியூப் லைட் கூடுதலாகப் போட்டதும் 'டிபார்ட்மென்டல் ஸ்டோர்'. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சில்லறை வியாபாரி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறார், அவ்வளவுதான். ஆனால் "சில்லறைப் புத்தி" என்று அதே சொல்லை வசவாகவும் வைத்திருக்கிறோம். யாருக்குத்தான் மர்ச்சன்ட் ஆக ஆசை வராது?

தரகர் மட்டும் தரகராகவே இருக்கிறார். ஈரோட்டில் கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்குப் போய் ஓர் ஓரமாக நின்று பாருங்கள். வாங்குகிறவர், விற்கிறவர், நடுவில் தோளில் துண்டோடு தரகர். மாட்டின் பல்லைப் பார்த்தாயிற்று, சுழி பார்த்தாயிற்று, நடக்கவிட்டுப் பார்த்தாயிற்று. இனி விலை. தரகர் துண்டை எடுத்து விற்கிறவர் கைமேல் போடுகிறார். துண்டுக்குள் தன் கையை நுழைத்து அவர் விரல்களைப் பிடிக்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை, வெற்றிலை மென்றுகொண்டே எங்கோ பார்க்கிறார். விற்கிறவர் தலையை ஆட்டுகிறார். மறுபடி ஒரு பிடி. இந்தத் தடவை ஒரு விரல் கூட. "மனசு வையுங்க, முடிச்சுக்கலாமுங்க." பிடித்த விரல் ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றிலும் ஐம்பது பேர் நின்றாலும் விலை மூன்று பேருக்குள்ளேயே இருக்கும். அடுத்த மாட்டின் பேரம் கெடக் கூடாது இல்லையா? பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்று சொல்லிக்கொள்வார்கள் என்று இலக்கண வகுப்பில் குழூஉக்குறிக்கு உதாரணம் காட்டுவார்கள். அது வாய்க்கு. துண்டுக்குள் நடப்பது விரலுக்கு.

கூடைக்காரர்களின் சொந்த அகராதி சின்னது, ஆனால் ஒன்றைக்கூட எடுக்க முடியாது. அன்றைய முதல் விற்பனை போணி. போணி ஆகும்முன் கடன் கேட்பது மகாபாவம். முதல் நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பூக்காரம்மாவைப் பார்க்காதவர் உண்டா? எடை போடாமல் குவித்து வைத்து விற்பது கூறு. வாங்கியதற்கு மேலே கையில் திணிப்பது கொசுறு. இலவசம் வேறு, கொசுறு வேறு. இலவசத்தைச் சும்மாவே தருவார்கள். கொசுறு, பேரம் பேசித் தோற்றவருக்கு வருகிற ஆறுதல் பரிசு. கீரைக்கட்டின் விலையை ஐந்து ரூபாய் குறைக்காத கீரைக்காரம்மா, கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் போடுவார். அதற்குத் தனியாகக் காசு போட்டு ரசீது நீட்டுகிற கடைகளில் இந்தச் சொல்லுக்கு வேலை இல்லை.

அகராதியின் கசப்பான பக்கம் தண்டல். உதாரணத்துக்கு, 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் கையில் 8,500 கிடைக்கும், வட்டி முன்னாலேயே பிடித்தம். பிறகு தினம் 100 ரூபாய், 100 நாள். மழை பெய்து கூடையை இறக்காத நாளிலும் தண்டல்காரர் சாயங்காலம் பைக்கில் வந்து நிற்பார். 2003-இல் தமிழ்நாடு அரசு அநியாய வட்டிக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, அதில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று இந்தப் பேச்சுவழக்குச் சொற்களையே எழுதினார்கள். ஆங்கிலச் சட்டப் பிரதியிலும் அவை அப்படியே. ஆக, கூடைக்காரம்மாவின் தொழிலுக்கு உரிய சொல் சட்டத்தில் ஏறவில்லை, அவர் வாங்கிய கடனின் பெயர் ஏறிவிட்டது. 2020-இல் ஒன்றிய அரசு தெருவோர வியாபாரிகளுக்கென்று 10,000 ரூபாய் வங்கிக்கடன் திட்டம் கொண்டுவந்ததும் இந்தத் தண்டல் கணக்கை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் மதுரைக்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அவர்கள் ஊர் சாமியே தெருவில் விற்றவர். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலம், வளையல் விற்ற படலம், விறகு விற்ற படலம் என்று மூன்று படலம். சிவபெருமான் ஒன்றில் நவரத்தின வியாபாரி, ஒன்றில் வளையல்காரர், ஒன்றில் விறகு சுமந்து வந்து வாசலில் இறக்கிய ஆள். விறகு விற்றதை 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தால் தமிழ்நாடே பார்த்துவிட்டது. பிட்டு விற்ற வந்திக் கிழவிக்காகச் சாமி மண் சுமந்தது தனி. ஆவணி மூலத் திருவிழாவில் இந்தக் கதைகளையெல்லாம் வருடா வருடம் நடத்திக் காட்டுகிறார்கள். ஒரு தள்ளுவண்டி இட்லிக்கடை ஆயா வீட்டுக்குக் கூலியாளாகச் சாமி வந்தார் என்பதுதானே கதை? அந்தச் சாமியும் வெண்டர் வகையில்தான் வருவார். நம்ம கேட்டில் நிற்க வைத்திருப்பார்கள்.

கடல் தாண்டினால் பழைய சொல் ஒன்று புதுச்சட்டை போட்டு நிற்கிறது. மதுரைக்காஞ்சி பகல் கடையை நாளங்காடி என்றும் இரவுக் கடையை அல்லங்காடி என்றும் சொல்கிறது. அந்த அங்காடி தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலும் பலகையில்தான் இருக்கிறது. "அங்காடிக்குப் போய்ட்டு வரேன்" என்று எவரும் செருப்பு மாட்டுவதில்லை. சிங்கப்பூரில் ஹாக்கர் சென்டரைத் தமிழில் உணவங்காடி நிலையம் என்பார்கள். பேருந்து நிறுத்தத்து விலாசம் சொல்லக்கூட அது பயன்படுகிறது. அந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. தெருவில் வண்டி வைத்து விற்றவர்களைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து, கடைசியில் உலகப் பண்பாட்டு மரபும் ஆக்கிவிட்டார்கள்.

இலங்கையில் அங்காடி வியாபாரி என்றாலே தெருவில் விற்பவர். அங்கே பாண்காரர் கூவுவதில்லை. ஆட்டோவுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் பாணும் பணிசும் அடுக்கி, பேத்தோவன் மெட்டு ஒன்றை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதற்குச் சூன் பாண் என்று பெயர் (சூன் என்பது டியூன்). பியானோ வகுப்பில் அந்த மெட்டைக் கேட்டால் இலங்கைக் குழந்தைக்குப் பசிக்கும்.

நம் ஊர்க் கூவலும் பதிவு செய்த குரலுக்குப் போய்விட்டது. பழைய இரும்புக்காரர் முன்பு பேரீச்சம்பழம் தருவதாகக் கூவினார். அதனால்தான் ஓட்டை சைக்கிளைப் பார்த்து "பேரீச்சம்பழத்துக்குப் போடு" என்கிறோம். அவர் நம்மிடம் வாங்கத்தான் வருகிறார், ஆனாலும் பெயர் வியாபாரி. இப்போது தெருவுக்குத் தெரு ஒரே குரல், ஒரே ஸ்பீக்கர். எந்த வண்டி என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும். கீரைக்காரம்மாவின் "கீரேஏஏய்" அப்படி இல்லை. 'ரே'யில் ஏறி 'ய்'யில் டக்கென்று நிற்கும். முருங்கைக்கீரை இருக்கிற நாளில் இழுப்பு கொஞ்சம் கூட.

பலகை இன்னும் இருக்கிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். முடிவு: 'ரெகுலர் வெண்டர்'களை வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே விடலாம். மறுநாள் பதிவர் பால் வாங்கப் போன வழியில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். வாட்ச்மேன் கையெழுத்து, ஊதா மை. நேரம்: 7.10. பெயர்: கீரைக்காரம்மா. நிறுவனம்: கீரை. யாரைப் பார்க்க: எல்லாரையும்.